பக்கவாட்டில் இருட்டு

"என் மூக்கையே பாருங்க. பக்கத்துல கை அசையறது தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றேன். டக் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க, டாக்டர்?"

என் இரண்டு கைகளும் அவருடைய காதுப் பக்கமிருந்து அசைந்துகொண்டே முன்னால் வந்திருந்தன. ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் "இதோ" என்றார். சாதாரணக் கண்ணுக்குக் கை காதைத் தாண்டியதுமே தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டெக்ஸாஸில், இர்விங்கில், ரங்கன் சாரின் கண் கிளினிக்கில் ஜூனியர் டாக்டர். டக் பெயர்பெற்ற பேஸ்பால் ஹிட்டர், பந்தை அடிப்பதில் கெட்டிக்காரர். பழைய ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியிலும் சேரலாம் என்று ஃப்ரீ ஏஜென்டாக இருந்தார். வேற்று மாநில அணி ஒன்று அவரை எடுக்க நினைத்தது. அவர் வீடு எங்கள் பக்கம் என்பதால் கண் பரிசோதனை எங்களிடம் வந்தது. சார்ட்டின் கடைசி வரியை அவர் சரளமாகப் படித்தார் என்று கேட்டதுமே, வெளியே காத்திருந்த அணி அதிகாரி, விஷயம் முடிந்தது என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கப் பார்வை இல்லை என்று நான் சொன்னதை ரங்கன் சார் நம்பவில்லை. அவர் பேஸ்பால் பைத்தியம். "நேத்து வரைக்கும் பந்தைக் கிழிச்சவன்டீ அவன். பக்கப் பார்வை அளக்கிற மெஷின்ல போடு" என்றார். போட்டோம். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி கறுப்பு. நேரே வரும் பந்து தெரியும். பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. கேட்டபோது, கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் தோள் இடிப்பதாகவும், காரை இரண்டு முறை உரசிவிட்டதாகவும் டக் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைக்கு அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே போகும் இடத்தில், ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது.

முதலில் டக்கிடம்தான் சொன்னேன். உடனே ஆபரேஷன் வேண்டும், தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போகலாம் என்றேன். அவர் அழவில்லை. அதிகாரியையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இவர் ஃபீல்டிங் பண்ண வேண்டாம். பேட்டிங் மட்டும் பண்ணா போதும். நேரா பாக்கறதுதான் நல்லா இருக்கே. சீசன் முடிஞ்சதும் ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

அதைவிட அதிர்ச்சி, டக் தலையாட்டியது. "எனக்கு சம்மதம். நீங்க ஃபிட்னு எழுதுங்க, டாக்டர்."

ரங்கன் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னார். "மெதுவா வளர்ற கட்டிதான் உமா. அவனே கேக்கறான். ஒரு சீசன்."

"முடியாது சார். நான் எழுத மாட்டேன்" என்றேன்.  அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, தகுதி இல்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி எழுந்து, கைகுலுக்காமல் போனார். அந்த அணி வேறொரு ஹிட்டரை எடுத்துக்கொண்டது.

டக்குக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பக்கப் பார்வையும் பெரும்பாலும் திரும்பியது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பெரிய அணியும் அவரைக் கூப்பிடவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு கடையில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். ஒரு ஹைஸ்கூலில் கோச்சாக இருப்பதாகச் சொன்னார். நன்றி சொல்வார் என்று நின்றேன்.

"நீங்க செஞ்சது சரிதான், டாக்டர். ஆனா அந்த ஒரு சீசனை எனக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார். அவர் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒருவரை அணியில் எடுக்கலாமா வேண்டாமா என்பது அணியின் கேள்வி. விளையாட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. நம்மைக் கேட்பது கண்ணைப் பற்றி மட்டும். பார்த்ததை எழுதுங்கள். அதற்காக அவர் உங்களை மன்னிக்காமலே போகலாம்.