பாஸ்போர்ட் யார் கையில்?

இருபது வருடம் கழித்து மறுபடியும் அல்ஜீரியா போகிறேன். இந்த முறை வெல்டராக அல்ல. மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க.

விசா விண்ணப்பத்துக்காக இன்று காலை நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடையில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்துவிட்டு, "இந்தாங்க சார்" என்று நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "வெச்சிக்கம்மா. கிளம்பற அன்னிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றேன்.

"ஐயோ, நான் எதுக்கு சார் வெச்சிக்கணும்? இது உங்களோடதுங்க."

அப்போதுதான் உறைத்தது. அன்று வெல்டராக அங்கே போய் இறங்கியதுமே கம்பெனியின் கேம்ப் ஆபீசில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, ஊருக்குக் கிளம்பிய அன்றுதான் அதை மறுபடி கண்ணால் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்டாள்: "மூணு வருசமா! அங்க கடல் எப்படி சார் இருக்கும்?"

"பார்த்ததில்லம்மா. கேம்ப்பும் பைப்லைனும்தான் தெரியும். இப்பதான் பார்க்கப் போறேன்."

சொல்லும்போதே சந்தோஷமாக இருந்தது. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்து, பஸ் ஸ்டாண்டு வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வடலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனைவி கையை நீட்டினாள்.

"இப்படிக் குடுங்க. நீங்க யாரு கேட்டாலும் எடுத்துக் குடுத்துட்டு வந்துடுவீங்க."

வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

ஆக, பாஸ்போர்ட் மறுபடியும் என் கையில் இல்லை. இந்த கேம்ப் ஆபீசில் எப்படிக் கேட்டு வாங்குவது என்று கல்யாணமானவர்கள் யாராவது சொல்லுங்கள்.