பின்னறையின் இரும்பு மூடி

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். இது என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. நகம் பிய்ந்து தொங்கிய அவள் விரல்களுக்குக் கட்டுப் போட்டவன் நான்.

அக்கா தையல்காரி. வாசல் அறையில் இரண்டு மெஷின், ஊர்ப்பட்ட துணி. உட்கார்ந்தால் எழ இடமிருக்காது. பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்டிவிடலாம் என்று அத்தான் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு சிக்கல். பின்மதிலை ஒட்டி ஊருக்குப் பொதுவான பாதாளச் சாக்கடை ஓடியது. அதற்கு உரியது போல, கொல்லையில் வட்டமாக ஓர் இரும்பு மூடியும் கிடந்தது. அது அறைக்கு நட்டநடுவில் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"சாக்கடை மேலயா கட்டுறீங்க? நாளைக்கு அடைச்சுக்கிட்டா நாத்தம் யார் வீட்டுக்கு வரும்? புகார் குடுப்பேன்."

"குடுங்க சார். உங்க பேனா, உங்க பேப்பர்," என்றார் அத்தான். யாராவது வேண்டாம் என்று சொன்னால்தான் அவருக்கு வேலையே ஓடும்.

சுவர் எழும்பியது. கூரையும் போட்டாயிற்று. தரைதான் பாக்கி. குழாய் வேலைக்கு வந்த பிளம்பருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஓயாத வாய். ஆனால் தங்கமான மனுஷன்.

"அக்கா, தளம் போடுறதுக்கு முன்னால இந்த மூடியைத் தொறந்து ஒரு எட்டுப் பாத்துடறேன்," என்றார்.

அக்கா துணி வெட்ட உள்ளே போனாள். அன்று சாயங்காலமே கொத்தனார் ஆட்களோடு வந்து, மூடியோடு சேர்த்துத் தளம் போட்டுவிட்டுப் போனார். ரேடியோ போனதை யாரும் பார்க்கவில்லை. அவருடைய கருவிப் பை மட்டும் சுவரோரம் கிடந்தது. அக்கா போன் செய்து பார்த்தாள். அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள், உச்சி வெயில் நேரம். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். புதுத் தளம் வெடிக்காமல் இருக்க அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தாள்.

டொக்... டொக்...

சத்தம் காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

"அக்கா..."

ரேடியோவின் குரல்! சந்தேகமே இல்லை. அக்காவின் கையிலிருந்த வாளி நழுவியது. போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள்.

"என்னங்க... ரேடியோ உள்ள மாட்டிக்கிட்டார்!"

"எதுக்குள்ள?"

"தளத்துக்குக் கீழ. கூப்பிடறார்."

"வெயில்ல மூளை கலங்கிடுச்சா? தளத்து மேல கைய வெச்ச... நடக்கிறதே வேற!"

போன் துண்டிக்கப்பட்டது.

"அக்கா... மூச்சு முட்டுது..."

சுவரோரம் கடப்பாரை இருந்தது. எடுத்தாள். ஓங்கிக் குத்தினாள். ஈரம் காயாத தளம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"சீக்கிரம்..."

மீண்டும் குத்தினாள்.

"சீக்கிரம்டி!"

கை நின்றுவிட்டது. ரேடியோ யாரையும் 'டி' போட்டுப் பேசியதில்லை.

கீழே அழுகைச் சத்தம் கேட்டது. "எனக்குப் புள்ளைங்க இருக்கு அக்கா... உள்ள வெச்சு மூடிட்டீங்களே..."

இதைக் கேட்டபின் எந்த மனுஷி சும்மா நிற்பாள்? வெறி பிடித்தவள் போல் குத்தினாள். கைகளால் தோண்டினாள். மூடியின் விளிம்பு தெரிந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள்.

மூடி புரண்டது.

உள்ளே... மணல்.

விளிம்பு வரைக்கும் மணல். காய்ந்து, கல்லாய் இறுகிய மணல். ஆளை விடுங்கள், ஓர் எலி நுழைய இடமில்லை.

அப்போது போன் அடித்தது.

ரேடியோதான்.

"அக்கா, கூப்பிட்டிருந்தீங்களா? பையனுக்குத் திடீர்னு ஒடம்புக்கு முடியல. போட்டது போட்டபடி ஓடிட்டேன். போன் இப்பத்தான்..."

பேச்சு பாதியில் நின்றது.

லைன் துண்டிக்கப்படவில்லை. மூச்சுக் காற்று மட்டும் கேட்டது... வார்த்தை வராமல் திணறும் மூச்சு.

மீதி வாக்கியம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

சமையலறையிலிருந்து.

"...சார்ஜ் ஏறுச்சு, அக்கா."

அக்கா வெளியே ஓடி, மதிலைப் பிடித்து ஏறினாள். புகார் கொடுப்பேன் என்று மிரட்டிய அதே மனிதர்தான் அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்.

அவர் முகம் வெளுத்திருந்தது. "உங்க வீட்டுல யாரும்மா அப்படிச் சிரிக்கிறது?" என்றார்.

அன்றைக்கே அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தான் முதலில் நம்பவில்லை. பிறகு ரேடியோவைப் பார்க்கப் போனார். பார்த்தபின் நம்பினார். ரேடியோவுக்குப் பேச்சு போய்விட்டது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது.

சாக்கடை ஆட்கள் வந்து மணலை அள்ளினார்கள். பொதுச் சாக்கடை மதிலுக்கு வெளியே, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் இறங்கியவர் குழம்பிய முகத்தோடு மேலே ஏறி வந்தார்.

"சார், இதுக்குள்ள குழாய் வரவும் இல்ல, போகவும் இல்ல. இது சாக்கடைக்காகத் தோண்டுனதே இல்ல."

பின் எதற்குத் தோண்டினார்கள்? மணல் போட்டு அடைத்தது யார்? இன்றுவரை தெரியாது.

வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்றுத் தொலைத்துவிடலாம் என்று புரோக்கரிடம் சொல்லியிருந்தோம். போன வாரம் அவர் அத்தானுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்ன சார், வீடு காலின்னு சொன்னீங்க? உள்ள ஒருத்தர் இருக்காரே. கதவத் தொறக்க மாட்டேங்கிறார். ஆனா நல்ல மனுஷன், பேச்சு ஓயல. உங்க சம்சாரத்தத்தான் தேடறார். அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டார்..."

அத்தான் எட்டி என் கையைப் பிடித்தார்.

"விலாசம் குடுத்திருக்கேன் சார். தப்பில்லையே?"