எட்டுக் கோவாவும் ஒரு நுளம்பு வலையும்

இரண்டாம் உலக யுத்த காலம். வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லி அரசாங்கம் அறிவித்தது. நான் வெள்ளவத்தையில் ஒரு பங்களாவில் தோட்டக்காரன். வெள்ளைக்காரத் துரை புல்தரையைக் கொத்தச் சொன்னார். கொத்தினேன். நுவரெலியாவிலிருந்து ஒன்பது கோவாக் கன்று வந்து இறங்கியது.

கோவா, முட்டைக்கோஸ்தான், குளிருக்கு வளர்வது. கொழும்பு வெயிலில் உருண்டை கட்டாது. துரையிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்.

"காய்கறி ஷோவுக்குக் கோவா வேணும். கோவா இல்லை, நீ இல்லை" என்றார்.

சொல்லிவிட்டு வேலையாக வெளியூர்களுக்குச் சர்க்கீட்டுப் போய்விட்டார். திரும்பி வர இரண்டு மாதம். எனக்கு வேறு தொழில் தெரியாது. படுக்கையும் பங்களாவின் பின்னறையில்தான். வேலை போனால் அறையும் போகும்.

கன்று வேர் பிடித்தது. இலை விரிந்தது. வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்தது. முதலில் இரண்டு, பிறகு இருபது. இலைக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். பச்சைப் புழு வந்து இலையை நரம்போடு விட்டுவிடும். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

குசினியிலிருந்து சமையற்காரக் கோக்கி ஓடி வந்தார். சிங்களவர், என்னைவிட மூத்தவர். நான் அவருக்கு மல்லி, தம்பி; அவர் எனக்கு அய்யே, அண்ணன்.

"மல்லி, அடிக்காத! பவ், பாவம்! அது ஸ்ரீபாத போறது!"

மலைக்கு ஆட்கள் யாத்திரை போகிற மாதம் அது. வண்ணத்துப்பூச்சியும் பாதத்தைக் கும்பிடத்தான் போகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. எங்களுக்கும் அது சிவனொளிபாதம். என் கை தாழ்ந்துவிட்டது.

"அய்யே, இது கும்பிடப் போகல. கோவா திங்க வந்திருக்கு."

"தூரம் போறவன் சாப்பிடத்தானே வேணும்?"

"பூச்சி போகட்டும். புழு எங்கே போகுது? அதைக் கொல்லலாமா?"

கோக்கி யோசித்தார். "புழு நேர்ந்துகொண்டு இருக்கு. நாளைக்குப் போகும்."

அந்த நேரம் பழைய போத்தல் வாங்குகிற நானா வாசலில் நின்றார். தெமட்டகொடைச் சோனகர், முஸ்லிம். அவரிடம் நியாயம் கேட்டேன். இவருக்காவது வேறு மதம் என்று நினைத்தேன்.

"ஆதம் நபிட காலடி ஈக்கிற மலையல்லவா தம்பி அது? நான் தீர்ப்பு ஒண்ணும் செல்ல மாட்டன்" என்றார்.

கடைசியில் மூவரும் ஒரு வழி கண்டோம். பூச்சிகளைப் பிடித்துத் தலையணை உறையில் போட்டோம். நானா வண்டிலில் கொண்டுபோய்த் தெமட்டகொடை ரயில் பாதையில், மலைப் பக்கம் பார்த்துத் திறந்துவிட்டார். மறுநாள் காலை கோவாப் பாத்தியில் அதே அளவு பூச்சி.

"போயிட்டு வந்திட்டது" என்றார் கோக்கி.

"ஒரு ராத்திரியிலயா?"

"செறகு ஈக்கே தம்பி" என்றார் நானா. "இனி இதெல்லாம் ஹாஜியார் மாதிரி. மரியாதையா ஈக்கணும்."

முன்பு அடிக்கத்தான் முடியாது. இப்போது துரத்தவும் முடியாது.

கோக்கியே தீர்ப்புச் சொன்னார். எட்டுக் கன்று தன்சல. யாத்திரைக்காரருக்கு வழியில் சும்மா சோறு போடுவார்களே, அது. ஒன்று துரைக்கு. நான் ஓம், அப்படியே செய்வோம் என்றேன். துரைசாணி கழித்துப் போட்ட நுளம்பு வலையில்தான் நான் படுப்பது. அதைக் கழற்றி ஒன்பதாவது கன்றைச் சுற்றிக் கட்டினேன். அதன் பிறகு ராத்திரியில் நுளம்பு என்னைத் தின்றது. பூச்சி எட்டுக் கன்றையும் தின்றது. கோக்கி காலையில் அந்த எட்டுக்கும் தண்ணீர் தெளித்து, கை கூப்பிவிட்டுப் போவார். என் ஒன்றுக்கு ஊற்ற மாட்டார்.

ஷோவுக்கு முதல் நாள் துரை வந்தார். இலையெல்லாம் போய் ஈர்க்காக நின்ற எட்டுக் கன்றையும், வலைக்குள் ஒரு கோவாவும் பார்த்தார். என் கைப்பிடி அளவு இருக்கும்.

"மற்றது எங்கே?"

கோக்கி முந்திக்கொண்டார். "தன்சல, மாத்தயா."

துரை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அன்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். கட்ட அதிகம் இல்லை.

மறுநாள் துரை கோவாவைத் தட்டில் வைத்துக் காரில் கொண்டுபோனார். பின்னேரம் திரும்பி வந்தார். தட்டில் கோவா இரண்டு பாதியாக இருந்தது. வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பச்சைப் புழு, உயிரோடு. துரையின் கையில் ஒரு அச்சடித்த அட்டை.

"மூன்றாம் பரிசு!" என்றார்.

கொழும்பில் வேறு யாருக்கும் கோவா உருண்டை கட்டவில்லை. வந்தது இது ஒன்றுதான். முதலாம், இரண்டாம் பரிசு கொடுக்கிற தகுதி இதற்கு இல்லையாம். ஆகவே மூன்றாவது. துரை சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

அட்டையைச் சாப்பாட்டு அறையில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தேன், வளைந்துவிட்டது. சுவரிலும் ஒரு துண்டு பெயர்ந்தது. துரை கத்தினார். நல்ல ஏச்சு, பாதி இங்கிலிஷில்.

போகிறவனை யாரும் ஏச மாட்டார்கள். பெட்டியை அவிழ்த்தேன்.