மருந்து ஊற்றிக்கொண்டு அழுதவள்

அப்பாவின் சாவுக்கு நான் மருந்து ஊற்றிக்கொண்டு அழுதேன் என்று எங்கள் ஊர் கிளியனூரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். ஊற்றிக்கொண்டது உண்மைதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு கண்ணில் உறுத்தல் வந்தது. பஸ் ஜன்னல் காற்றுதான் காரணம் என்று சீட்டை மாற்றிப் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திட்டினேன். கண்ணுக்குள் மணல் கிடப்பது போலவே இருந்தது. கொஞ்ச நேரம் எதையாவது உற்றுப் பார்த்தால் எல்லாம் கலங்கிவிடும். அப்பாவின் அண்ணி, என் பெரியம்மா, விளக்கெண்ணெய் விடச் சொன்னார். அது கேட்கவில்லை என்றதும் பிள்ளை பெற்ற ஒருத்தியைக் கூட்டிவந்து தாய்ப்பால் விடச் சொன்னார். முடியாது என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நான் திமிர் பிடித்தவள்.

விழுப்புரத்தில் கண் டாக்டர் ஒருவர், மரத்துப்போக மருந்து விட்டு, வெள்ளை விழியில் ஒரு சின்னக் காகிதத்தை மெல்ல அழுத்தி எடுத்தார். அதில் ஒட்டிவந்த செல்களுக்குச் சாயம் ஏற்றி, அடுத்த முறை போனபோது திரையில் காட்டினார். நல்ல கண்ணில் அவை சின்னதாக, நெருக்கமாக இருக்குமாம். நடுநடுவே பருத்த செல்கள் ஒரு வழவழப்பைச் சுரக்குமாம். கண்ணீர் விழிமேல் பரவி நிற்பதே அதனால்தானாம். என் செல்கள் தட்டையாகிப் பரந்து கிடந்தன. பருத்தவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஈரம் குறைந்ததால் செல்கள் இப்படி மாறின, செல்கள் மாறியதால் இருக்கிற ஈரமும் எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் போல ஒட்டாமல் போகிறது என்றார். கண்ணீர்ச் சுரப்பியும் சோர்ந்துவிட்டதாம். இனி அழுகை வந்தாலும் கண்ணீர் வருவது கஷ்டம் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இனி ஆபீஸில் யார் திட்டினாலும் கெத்தாக நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணீருக்குப் பதிலாக விட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைக் காட்டி அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேளாவேளைக்கு ஊத்திக்கினு இரு. யாரு இன்னா சொன்னாலும் நிறுத்தாத" என்றார்.

அந்த வருடம் கொல்லையில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்கும் நேரத்தில் நெஞ்சு வலித்து அப்பா போய்விட்டார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள், உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். முகத்தோடு முகம் சேரும்போது கன்னத்தில் ஈரம் இல்லாவிட்டால் தெரிந்துவிடும். நானும் உடம்பு குலுங்க அழுதேன். கண் மட்டும் எரிந்தது. கட்டிக்கொண்டவர்கள் விலகும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஊதுவத்திப் புகையும் சேர்ந்துகொண்டதும் இமையைத் திறக்க முடியவில்லை. பாட்டிலை எடுத்துச் சொட்டு விட்டேன். அது கன்னத்தில் வழிந்ததுதான் தாமதம், கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

வாய்க்கரிசி போட நான் போனபோது பெரியம்மா அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெத்த அப்பனுக்கு மருந்து ஊத்திக்கினு அழுவுற. பொய்க் கண்ணீரோட வாய்க்கரிசி போடாத. போயி மூஞ்ச கழுவிக்கினு வா."

தூக்குவதற்கு ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள். நான் போய்த் திரும்புவதற்குள் அப்பாவின் முகத்தை மூடிவிடுவார்கள். எனக்கு அப்போது துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. நகரவில்லை. பாட்டிலைத் திறந்து, அத்தனை பேர் பார்க்க, இரண்டு கண்ணிலும் மறுபடி ஊற்றினேன்.

"இது அழுவுறதுக்கு இல்ல பெரியம்மா. எங்கப்பா மொகம் எனக்குக் கலங்கலா தெரியுது. கடைசியா ஒருவாட்டி தெளிவா பாக்கணும். அதுக்குத்தான்."

அவர் தட்டை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த தட்டிலேயே ஒரு பிடி அள்ளினேன்.

மருந்து விழியில் பரவிக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் துலங்கியது. மோவாயைக் கட்டியிருந்த துணியின் ஓரத்தில், அப்பா கடைசியாகச் சவரம் செய்துகொண்டபோது விட்டுப்போன வெள்ளை முடிகள்கூடத் தெரிந்தன. பார்த்து முடித்த பிறகுதான் அரிசியைப் போட்டேன்.