புயல்காலனின் இடது கால்

ஷூ தைக்கிறவருக்குக் கோபம் வந்தால் சுத்தியல் பலமாக விழும். அன்று காலையிலிருந்தே இடியாக விழுந்துகொண்டிருந்தது. யாரும் வம்புக்கு வரவில்லை. எல்லாம் புயல்காலனால் வந்த வினை.

புயல்காலன் ஒரு காமிக்ஸ் வீரன். எங்கே தீப்பிடித்தாலும் பறந்து போய் நிற்பான். தரையில் இறங்கினால் மட்டும் இடது காலை விந்தி விந்தி நடப்பான். பத்து வயதில் அவனைப் பிடித்துக்கொண்ட ஷூக்காரர் அறுபது வயதாகியும் விடவில்லை. இப்போது அவன் கதையை முதலிலிருந்து புதிதாக ஆரம்பிக்கப் போகிறார்களாம். மூத்த ரசிகரின் கருத்து முதல் இதழிலேயே அச்சாகும், சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரியைப் படிக்கும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்: புது வீரன் விந்த மாட்டான்!

பொறுப்பாரா? நாலு பக்கத்துக்குப் பதில் எழுதி விளாசித் தள்ளினார்.

மத்தியானம் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் வீட்டிலிருந்து அவருடைய வீட்டுக்காரம்மா சாப்பாட்டோடு இறங்கி வந்தார். அந்தம்மாவுக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அடி உயர்த்திய செருப்பு செய்துகொள்ள இதே கடைக்கு வந்து, காலை நீட்டக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவர். ஷூக்காரர் ஒரு காமிக்ஸைக் கையில் கொடுத்து, "ஊரையே காப்பாத்துறவன் நடக்கிற நடையைப் பாருங்க" என்றார். அந்தம்மா சிரித்துவிட்டார். ஆக, இந்த வீட்டில் புயல்காலன்தான் கல்யாணத் தரகன்.

"கேளு, கேளு" என்று ஷூக்காரர் தான் எழுதிய கடிதத்தை உரக்கப் படித்தார். "'அந்த நடைதான் அவனுக்கு அழகு. அதில் கை வைத்தால் என் சாபம் சும்மா விடாது!' எப்படி?"

"ஏங்க, கால் சரியாயிட்டா நல்லதுதானே?"

"அடிப்பாவி! உன்னைய நினைச்சுத்தானே எழுதினேன்!"

"என்னைய நினைச்சா என்னையக் கேக்கணும்ல? அழகுன்னு பாக்கிறது நீங்க. வலிக்கிறது எங்க ரெண்டு பேருக்கும்."

வருஷா வருஷம் மயிரிழை பிசகாமல் அளவெடுத்து அந்தக் காலுக்குச் செருப்பு தைத்தவர் ஷூக்காரர். ஒரு நாளாவது இதைக் கேட்டிருக்கிறாரா?

"இப்ப வலிக்குதா?" என்றார் மெதுவாக.

"தரையில நடந்தா ஒண்ணுமில்ல. உங்க செருப்பைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். இந்தப் பதினெட்டுப் படிதான். எறங்குறப்போ இடுப்பு விட்டுப்போகுது."

"சொல்லவே இல்லையே!"

"புயல்காலனுக்குக் கடுதாசி எழுதவே உங்களுக்கு நேரம் சரியாயிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தார் அந்தம்மா.

நாலு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. சனிக்கிழமை தபாலில் சேர்ந்தது சின்னக் கடிதம்தான்:

"ஐயா, ஐம்பது வருஷமாக அவன் காப்பாற்றும் ஊரில் ஒருத்தர்கூட அவனை 'வலிக்குதா?' என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, வெட்கமாக இருக்கிறது. புதுக் கதையில் முதலில் யாராவது அதைக் கேட்கட்டும். காலைச் சரிசெய்வதா வேண்டாமா என்பதை அவனே சொல்லட்டும்."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர் கடையைப் பூட்டினார். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா மாடி வாசலுக்கு வரும்போது, ஷூக்காரர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கடை?"

"பூட்டிட்டேன். இனிமே சாப்பாடு மேலதான். நீ எறங்க வேணாம்."

அந்தம்மா அவர் மேலே வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். "முட்டி வலிக்குதா?" என்றார்.

"நீ கேப்படி, ஏன் கேக்க மாட்ட! தட்டைப் போடு."