அக்காவின் துணி உலர்த்தும் கொட்டகை

இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது உங்கள் உடையில் ஈரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேவாலாவில் ஆடி மாதத்தில் வேறு எப்படி இருக்கும்? மழையென்றும் பாராமல் எங்கள் அக்கா அவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கிறீர்கள். அக்கா இருந்திருந்தால் முதலில் உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கியிருப்பார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் காரமடையிலிருந்து மலையேறி வந்து இலை பறித்தவர்கள். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா போய்விட்டார். அதன் பிறகு எனக்குத் தலை சீவி விட்டது, சோறு போட்டது, காய்ச்சலில் மடியில் கிடத்தியது எல்லாம் அக்காதான். வயது வந்ததும் எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலை உலர்த்தும் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தேவாலாவில் ஒரு எஸ்டேட்டுக்கு லாரி ஓட்டிய மாமாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அதற்குள் அப்பாவும் போய்விட்டதால், என்னைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே அழைத்து வந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான்தான் இருந்தேன்.

மாமா நெஞ்சுவலியில் போனதும் எஸ்டேட் வீடும் போனது. பஸ் ரோட்டுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இனி எப்படிப் பிழைப்பது என்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா அழுதார், பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போண்டா போட்டார். மழையில் பஸ்ஸை விட்டு யாருமே இறங்கவில்லை. கோழி வளர்த்தார், காட்டுப்பூனை கொண்டுபோனது. வீட்டுக்குப் பின்னால் வாழை வைத்தார். குலை தள்ளிய வாரத்தில் யானை வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா மிதிபட்ட வாழையைப் பார்த்து, "நம்ம கடை யானைக்குப் புடிச்சுப்போச்சு கண்ணு. ஆனா காசுதான் குடுக்க மாட்டேங்குது," என்றார்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் கூடலூர் பஸ்ஸின் கண்டக்டர் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அக்கா, காலைல மொத வண்டி நாந்தானுங்க. இந்தக் காக்கிச் சட்டை காயவே மாட்டேங்குது. உங்க அடுப்புக்கு மேல ஒரு ஓரமாப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுட்டுப் போ தம்பி. நீ ஏறுனா பஸ்ஸுல பாதிப் பேரு மூக்கப் புடிச்சுட்டு எறங்கறாங்களாமே."

மறுநாள் சட்டையை மாட்டிய தம்பி, "அப்பத்தான் சுட்ட தோசையப் போத்துன மாதிரி இருக்குதுங்கக்கா," என்றார். அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே இந்த மழையத் திட்டுது கண்ணு. திட்டற ஒவ்வொருத்தரும் நம்ம ஊட்டுக்கு வரவேண்டியவங்க."

"தீப் புடிச்சா என்னங்கக்கா பண்றது? அடுத்தவங்க துணி!"

"புடிச்சா தையக்கடை வெச்சுக்கலாம். நீ மொதல்ல அந்தக் கயித்தக் கட்டு."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை எழுந்தது. முதல் முறை கொட்டகைக்குள்ளேயே தீ மூட்டினோம். துணி காய்ந்தது, கூடவே புகை நாற்றமும் ஏறியது. பள்ளிக்கூட டீச்சரம்மா சேலையோடு திரும்பி வந்து, "அக்கா, பசங்க எனக்குக் கருவாட்டு டீச்சர்னு பேரு வெச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெளியே தலைகாட்டவே பயமாக இருந்தது. அக்காவுக்கோ அவர் வேலை செய்த ஃபேக்டரி நினைவுக்கு வந்தது. தேயிலையில் புகை பட்டால் வாசம் கெட்டுவிடும் என்று அங்கே சூட்டை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். பழைய தார் டிரம்களை வாங்கி, இரண்டு பக்கமும் வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தரையில் படுக்க வைத்தார். இடைவெளியைச் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்தார். தீ மூட்டும் வாய் கொட்டகைக்கு வெளியே. புகை மறுபக்கம் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போனது. டிரம்மின் சூடு மட்டும் துணிக்கு வந்தது. கவாத்தின்போது வெட்டிக் கழித்த தேயிலைச் செடிகளின் கட்டைதான் விறகு.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டுவது என் வேலை. கண்டக்டர் தம்பி கூடலூரிலிருந்துகூட மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றி வருவார். ஆஸ்பத்திரி நர்ஸ்கள், லாட்ஜ்காரர்கள், பள்ளிக் குழந்தைகள் என்று எத்தனையோ பேரின் மழைக்காலம் எங்கள் கொட்டகையில் காய்ந்தது. சொன்ன நேரத்துக்குத் துணி போகாத நாள் ஒன்றுகூட இல்லை.

நல்லது இவ்வளவுதான். பிறகு லாட்ஜ்காரர்கள் மெஷின் வாங்கினார்கள். தேயிலைக் கட்டை கிடைப்பது அரிதாயிற்று. அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துணியில் புகை படாமல் பார்த்துக்கொண்டோமே தவிர, தீ மூட்டும் வாயில் வருடக்கணக்காகக் குனிந்து ஊதியவர் அக்கா. நெஞ்செல்லாம் புகை என்று டாக்டர் சொன்னார். அதை மாற்ற மருந்து இல்லை என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டிருப்பதைக் காட்டி, "இங்க ஒரு ரூம் கெடைச்சா..." என்றார்.

"பேசாதீங்கக்கா, மூச்சு வாங்குது," என்றேன். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு எல்லோரும் ஈரத்துணியோடு எங்கள் வாசலில் நடுங்கி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். கொட்டகையிலும் ஊராரின் துணிகள் ஈரமாகத் தொங்கின. தீ மூட்டட்டுமா என்று, காரியங்களை நடத்த ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவைக் கேட்டேன்.

"எழவு ஊட்ல பால் தெளிக்கற வரைக்கும் தீ பத்த வெக்கப் படாது சாமி. அது அடுப்பா இருந்தா என்ன, டிரம்மா இருந்தா என்ன."

"பள்ளிக்கூடத் துணியெல்லாம் கெடக்குதுங்க பெரியப்பா. பூஞ்சை புடிச்சிரும்."

"அதுக்கு என்ன பண்றது? உங்கக்காளே போயிட்டா."

அப்போது கண்டக்டர் தம்பிதான் நூல் கட்டிய துணிகளையெல்லாம் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றினார். அவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுச் சமையலறையில் காய வைத்துக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் புகை வாசம். எல்லோரும் அப்படியே வாங்கி உடுத்திக்கொண்டார்கள்.

பால் தெளித்த பிறகு நான் மூட்டிப் பார்த்தேன். டிரம் இணைப்புகள் விரிந்து புகை உள்ளே வந்தது. அடைத்தேன், மறுபடியும் விரிந்தது. கொட்டகை எரிந்துவிடுமோ என்று தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது. அக்காவின் இருமலும் இப்படித்தான் தொடங்கியது. தீயை அணைத்துவிட்டேன். "நீ எடுத்து நடத்து, அக்கா பேரு நிக்கும்" என்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. தொல்லை வந்தால் அதில் என்ன வேலை இருக்கிறது என்று தேடியவர் அக்கா. எனக்குத் தொல்லை தொல்லையாகத்தான் தெரிகிறது. இந்த மழைக்காலம் முடிந்ததும் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது.

மூடுபனியில் வண்டி ஓட்டி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன டிரைவர் அண்ணன், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லைன் வீட்டுப் பெண்கள், முறை தவறாமல் காரியங்களை நடத்திய பெரியப்பா, கண்டக்டர் தம்பி, அவர் மனைவி, மழையில் நனைந்து வந்த நீங்கள் அனைவரும் எங்கள் குடும்பத்தின் நன்றிக்கு உரியவர்கள்.

தம்பி காய வைத்துக் கொண்டுவந்ததில் யாரும் வாங்கிப்போகாத சில துணிகள் கொட்டகையில் இன்னும் இருக்கின்றன. மஞ்சள் நூல் கட்டிய போர்வை ஒன்று, பச்சை நூலில் இரண்டு பாவாடை, ஒரு கைக்குழந்தையின் குல்லா. போகும்போது நூலின் நிறம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கின்றன. மூலையில் தொங்கும் சாம்பல் நிற ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். அது அக்காவுடையது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நனைந்ததால் கழற்றி மாட்டியது. நம் வீட்டுத் துணிக்கு எதற்கு நூல் என்று நான் கட்டியதில்லை; அதனால் தம்பியின் மூட்டையிலும் அது போகவில்லை. தினமும் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.