பரணில் இல்லாத கேசட்டுகள்

பெரியப்பாவின் மகனுக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். அண்ணா என்று கூப்பிடுவேன், ஆனால் வாடா போடா என்றுதான் பேசுவேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் பெரியப்பா குடும்பம். கலர் டி.வி. மாடியில் இருந்ததால் வீடியோ கேம் பெட்டியும் மாடியில் இருந்தது. கேசட்டுகள் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் யார் எது கொடுத்தாலும் அது கேசட்டாகத்தான் மாறும். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருபத்துமூன்று சேர்ந்திருந்தன.

ஒன்றின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். தெரிந்தும் பட்டியலின் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்ப்போம். சில கேசட்டுகள் ஊதினால்தான் ஓடும். ஒன்று, ஊதிவிட்டு இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஓடும். அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது ஒரு கோட்டை ஆட்டம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திரையில் ஒரு கடவுச்சொல் வரும், அதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த நாள் அங்கிருந்தே தொடரலாம். எழுதுவது நான். எந்தச் சுவருக்குப் பின்னால் வழி, எந்தப் படியில் நின்றால் தீப்பந்து படாது என்று படமும் போட்டிருந்தேன். அவனுக்குக் கை வேகம், எனக்கு ஞாபகம். கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் கட்டத்தில்தான் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தோம்.

கேசட் வாங்குவதும் மாற்றுவதும் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில். கடைக்காரருக்கு எங்கள் பெயர் தெரியாது. "வாங்க பார்ட்னருங்களா" என்பார். சிடி போடும் புது மிஷின் அந்தக் கடைக்கு வந்த அன்று நாங்களும் போயிருந்தோம். பெட்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் தேங்காய் உடைத்தார். பிறகு ஒரு கார் பந்தயத்தை ஓடவிட்டார். காரின் கதவில் மரங்களும் விளக்குகளும் பளபளவென்று ஓடின. அண்ணா பிளந்த வாயை மூடவே இல்லை.

"பழைய மிஷின், கேசட்டு அல்லாத்தியும் குட்த்துடு நைனா, அத்த கழிச்சிக்கினு இத்த எட்த்துக்கோ" என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன். "கேசட்டைக் குடுத்துட மாட்டியே?"

"பைத்தியமா நீ? கோட்டையை முடிக்காம குடுப்பேனா? சத்தியமா மாட்டேன்" என்று என் தலையில் கை வைத்தான்.

அந்த மார்கழியில் நான் பெரியவளானேன். சடங்கெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மாடிக்கு ஓடினேன். டி.வி.க்குக் கீழே பெட்டியைக் காணவில்லை. டின்னையும் காணவில்லை.

"அம்மா பரண்ல தூக்கிப் போட்டுட்டா. எனக்குப் பத்தாவது பரீட்சை முடியற வரைக்கும் தொடப்படாதாம்" என்றான் அண்ணா, என்னைப் பார்க்காமல்.

நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, அவனுக்காகப் பெரியம்மாவிடம் வாதாடினேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் குடுங்கோ பெரியம்மா, பாவம் அவன்" என்றேன். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னிடம், "போய்ப் பாட்டுக்கு உக்காரு" என்றாள். அவன் சனிக்கிழமைதோறும் கோட்டூர்புரத்தில் ஒரு நண்பன் வீட்டுக்குக் கணக்கு ட்யூஷனுக்குப் போகத் தொடங்கியிருந்தான். நான் கீழே உட்கார்ந்து கடைசிக் கட்டத்துக்குப் புது வழி யோசித்து, படம் போட்டு வைத்தேன். பரீட்சை முடிந்ததும் அவனுக்குக் காட்டவேண்டும் என்று.

மாசியில் அம்மாவோடு பாவாடைத் துணி எடுக்கத் தி. நகர் போனேன். அம்மா துணி பார்த்துக்கொண்டிருந்தபோது சந்துக் கடைக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் கேசட்டுகள் வரிசையாக நின்றன. ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டிய கேசட்டில் நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

"இன்னா பார்ட்னர், தனியா வந்துகீற? புது மிஷின் நல்லா ஓடுதா?" என்றார் கடைக்காரர்.

"எந்த மிஷின்?"

"உங்க அண்ணன் பொங்கலாண்ட வந்து டின்னோட குட்த்துட்டு எட்த்துக்கினு போச்சே. உனுக்குத் தெரியாதா?" அவர் முகம் மாறியது. "இன்னா பாப்பா, அழுவாத. தண்ணி குடிக்கிறியா?"

நான் அழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாட்டு வகுப்புக்கு என்று கிளம்பி, கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏறினேன். அந்த நண்பனின் அக்கா என்னோடு பாட்டு கற்றவள், வீடு தெரியும். கதவு திறந்தே இருந்தது. நான்கு பையன்கள் தரையில். டி.வி.யில் அந்தப் பளபளக்கும் கார். நடுவில் அண்ணா. கணக்குப் புத்தகம் மிஷினுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தது.

"யாருடா?" என்றான் ஒருவன்.

"சித்தப்பா பொண்ணு" என்றான் அண்ணா. பிறகு என்னிடம், "ஆத்துக்குப் போ, அப்புறம் சொல்றேன்."

"பரண்லதான இருக்குன்னே?"

பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மற்ற மூன்று பேரை எனக்குத் தெரியாது. அவன் சிரித்ததுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தியம் பண்ணியது, பரண், ட்யூஷன், எதையும் விடவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள், மாடிக்குப் போய்ச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அம்மா ஒரு புடவையை நான்காக மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நானும் பெரியம்மாவும்தான் சொன்னோம். இனிமே நீ அவனோட மாடியில மணிக்கணக்கா உக்காந்துண்டு இருக்கறது நன்னா இல்லே. வேண்டாம்னா நீ கேக்க மாட்டே, அழுவே. அதான் பெட்டியே இல்லேன்னா தானா நின்னுடும்னு. அவன் புது மிஷின் கேட்டான். அதை சிநேகிதன் ஆத்துல வச்சுக்கோன்னுட்டா பெரியம்மா."

அப்போதுதான் கீரை ஆய்ந்த நாள் ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்யின் நடுவில் நின்றுகொண்டு, அந்தப் பொய்யைச் சொன்னவனுக்காக நான் கெஞ்சியிருக்கிறேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொன்னா புரியுமா உனக்கு?" என்று அடுத்த புடவையை எடுத்தாள்.

ஒன்றரை வருஷம் நான் மாடிப்படி ஏறவில்லை. அவன் கீழே வந்தால் உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் வாசலில் வழிமறித்து, "என்னை என்ன பண்ணச் சொல்றே? அவா சொன்னா, செஞ்சேன்" என்றான். புது மிஷினுக்காகத்தானே செய்தாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த மிஷினும் அடுத்த வருஷமே சிடி படிக்காமல் போய், கோட்டூர்புரத்திலேயே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது பழைய ஆட்டங்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு உள்ளங்கை அளவுக்குப் பெட்டி விற்கிறார்கள். போன வருஷம் அவனே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பட்டியலில் கோட்டை இருந்தது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ஆடினோம். அதே இசை, அதே செங்கல், அதே இடத்தில் விழும் பந்து. இத்தனை வருஷத்தில் மாறாமல் இருந்தது அதுதான். அதனால்தான் பிடித்திருந்தது போலும். மூன்றாவது கட்டத்தில் அவன் நிறுத்திவிட்டு, "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான்.

"ஆமா" என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

அவன் போனபிறகு அம்மாவிடம் சொன்னேன், அண்ணா மன்னிப்புக் கேட்டான் என்று. எதற்கு என்றாள். கேசட், பரண், தி. நகர் எல்லாம் நினைவுபடுத்தினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையாகவே யோசித்தாள்.

"அப்படியெல்லாமா நடந்துது? எனக்கு ஞாபகமே இல்லையேடி" என்றாள்.

பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.